ஷார்ஜா கனகமும் என் வலைப்பூவும்

கேட்க ஆளில்லாமல் தெருவில் நின்று பேசுகிறவனைக் கண்டால் ஊர் ஒதுங்கிப் போகும். அதையே இணையத்தில் செய்தால் வலைப்பதிவர் என்று பெயர்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நாகர்கோவிலில் இருந்துகொண்டு நானும் ஒரு வலைப்பூ நடத்தினேன். 'வாசகரோடு உரையாடுங்கள், பதிவின் முடிவில் கேள்வி கேளுங்கள்' என்று எங்கோ படித்துவிட்டு, எல்லாப் பதிவையும் கேள்வியோடு முடித்தேன். அவியலில் தக்காளி போடலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். (நாஞ்சில் நாட்டில் இதற்கு வெட்டுக்குத்தே நடக்க வேண்டும்!) ஒரு ஈ, காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

யாராவது ஒருவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும் என்று தோன்றியது. அப்படி ஒருவர் இல்லாததால் நானே உண்டாக்கினேன். பெயர் கனகம், ஊர் ஷார்ஜா. 'உங்கள் எழுத்தைப் படித்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது' என்று கனகம் பின்னூட்டம் போட்டாள். 'நீங்கள் ஒருத்தி படித்தால் போதும், வேறு யாரும் வேண்டாம்' என்று நான் உருகினேன். உரையாடல் அமோகமாக நடந்தது.

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வலைப்பூ முகவரியை அனுப்பியிருந்தேன். அதில் என் மச்சினனும் உண்டு. அவன் வேலை பார்ப்பதும் ஷார்ஜாவில்தான். அவன் தன் அக்காளுக்கு, அதாவது என் மனைவிக்கு, போன் போட்டான். அவள் பூதப்பாண்டியில் இருக்கும் அப்பாவுக்குப் போட்டாள். மறுநாள் காலையில் மாமனார் எங்கள் வீட்டு நாற்காலியில் இருந்தார். என் மனைவி பெட்டி கட்டியாகிவிட்டது.

"ஆரு அத்தான் அந்தக் கனகம்? உள்ளதைச் சொல்லுங்கோ."

"நான்தான் கனகம்."

"பாத்தேளா அப்பா, கூசாம பொய் சொல்லுகாரு! எந்த ஆம்பளையாவது தன்னையே இப்பிடிப் புகழுவானா?"

அப்போதுதான் என் நிலைமை உறைத்தது. ஒன்று, நான் கள்ளத்தொடர்பு வைத்திருப்பவன். இல்லையென்றால் ஒருவரும் படிக்காத எழுத்தாளன். உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தேன். (முதலாவதில் ஏதோ ஒரு கெத்து இருந்தது.) ஆனால் பெட்டி வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் போய்விடுவாள் என்று நிஜமாகவே பயந்துபோனேன். கம்ப்யூட்டரைப் போட்டு, மாமனார் பார்க்கப் பார்க்கக் கனகமாக உள்ளே நுழைந்து, 'ஆகா, என்ன நடை!' என்று என்னை நானே பாராட்டிக் காட்டினேன்.

மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ மாப்பிள்ளை, நெசமாட்டு ஒருத்தரும் படிக்கல்லியா?"

"உங்க மகன் படிச்சிருக்கான், மாமா."

"அவன் அக்காளுக்க மாப்பிள்ளையாச்சேன்னு படிச்சிருப்பான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குக் கள்ளத்தொடர்பே மேல்.

வலைப்பூவை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. பூதப்பாண்டியில் எந்த விசேஷம் என்றாலும், பந்தியில் என் பக்கத்தில் ஓர் இலையைக் காலியாகப் போட்டுவிட்டு மச்சினன் சத்தம் கொடுப்பான்:

"கனகம் அக்காளுக்கும் விளம்புங்க மக்கா! ரெண்டு எலையிலயும் அத்தான்தான் தின்னுவாரு."