'சரி' என்னும் பொத்தான்

அன்பர்களே, எதையும் தெளிவாகச் சொல்லுங்கள் என்று உங்களுக்கு அறிவுரை கூறவே பேனாவை எடுத்தேன். எடுத்தபின் தயங்குகிறேன். காரணத்தை இறுதியில் அறிவீர்கள்.

சிவகாசி அச்சகம் ஒன்றில் நான் பிழை திருத்துபவன். பட்டாசுப் பெட்டியின்மேல் வரும் 'பற்றவைத்தவுடன் விலகி நிற்கவும்' என்ற வாசகத்தைப் பதினெட்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவ்வளவு படித்தவன் வெடிக்கு அருகில் போவானா? என் மனைவி பொன்னுத்தங்கமோ எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுபவள். வெடி அவளுக்கு வெண்டைக்காய் மாதிரி.

அவள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில், பத்தாயிரம் வெடிச் சரத்தை அவள் வீட்டு மூத்த மருமகன்தான், அதாவது நான்தான், பற்றவைக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக அவள் கேட்கிறாள். நானும் "சரி" என்கிறேன். பொங்கலன்று ஓராண்டு வயிற்றுவலி, ஓராண்டு தலைவலி, ஓராண்டு கால்சுளுக்கு. 'சரி' என்ற சொல்லின் நிழலில்தான் உயிர் வாழ்ந்தேன்.

இந்த 2006-இல் விதி என்னைக் கணினிக்கு அழைத்தது. எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், எவரும் திருத்தலாம் என்ற கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் குழுவில் சேர்ந்தேன். திரையில் வரும் சொற்கள் தெளிவாகவும் ஒரே சீராகவும் உள்ளனவா என்று பார்ப்பது என் தொண்டு. ஒரே வேலைக்கு ஓரிடத்தில் 'அழி', ஓரிடத்தில் 'நீக்கு', ஓரிடத்தில் 'ஒழி'! கொதித்தேன். அடுத்துக் கண்ணில் பட்டது, ஆங்கில 'OK'-க்கு வைத்த 'சரி' என்னும் பொத்தான். அறச்சீற்றம் கண்ணை மறைத்தது. குழுவுக்கு எழுதினேன்:

"ஒருவன் முச்சந்தியில் 'போகலாம்' என்று மட்டும் பலகை நட்டான். நம்பிப் போனவர்கள் கிணற்றில் விழுந்தார்கள். 'சரி'யும் அத்தகைய பலகையே. அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பொத்தானே சொல்லட்டும். ஒரே பொருளுக்கு ஒரே சொல் இருக்கட்டும்."

குழு ஏகமனதாக ஏற்று 'சரி'யை நீக்கியது. பூரித்துப்போய் அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன்.

நேற்று மாலை பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த பொன்னுத்தங்கம் சுவரின் முன் நின்றாள்.

"ஏங்க, இது நீங்க எளுதுனதா?"

"ஆம்."

"அம்புட்டும் நீங்களா? ரொம்ப நல்லா எளுதியிருக்கீக!"

திருமணமானபின் முதல் பாராட்டு. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"நாளைக்கழிச்சுப் பொங்கல். சரத்தப் பத்த வைப்பீகளா?"

"சரி."

அவள் விரல் சுவரைக் காட்டியது. "என்ன நடக்கும்னு பொத்தானே சொல்லணுமாமே. சொல்லுங்க."

"வயிறு லேசாக..."

"போன வருசம் காலு. அதுக்கு முந்தி தலை. ஒரே பயத்துக்கு மூணு பேரு வைக்கலாமா? நீங்களே கூடாதுன்னு எளுதியிருக்கீகளே!"

வேறு வழியில்லை. "பொங்கலன்று சரத்தை நானே என் கையால் பற்றவைப்பேன்" என்றேன்.

அவள் முந்தானைக்குள்ளிருந்து கைபேசி வெளியே வந்தது. அதிலிருந்து என் மைத்துனன் இருளாண்டியின் குரலும் வந்தது: "மச்சான், தெளிவாக் கேட்டுச்சு! மேளத்துக்குச் சொல்லிடுறேன்!"

அன்பர்களே, நாளை பொங்கல். 'சரி' பொத்தானை உடனே மீட்டுத் தருமாறு இன்று காலை குழுவுக்கு எழுதினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: "ஐயா, தங்கள் விதிப்படி, காரணத்தைத் தெளிவாக ஒரே சொல்லில் எழுதவும்."

'பழக்கம்' என்று தட்டி அழித்தேன், 'மரபு' என்று தட்டி அழித்தேன். பின்னாலிருந்து பொன்னுத்தங்கம் சொன்னாள்:

"பயம்னு எளுதுங்க. மூணே எளுத்து."