சுருளி அருவியில் பாதிப் பங்கு

வீரபாண்டி கௌமாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மனித மனத்தை மருத்துவம் வென்ற பொன்னாள், 1974-இல், தேனியில் ஒரு பருத்திக் கிட்டங்கியில்தான் உதயமாயிற்று. அங்கேதான் ‘உயர்நிலை மனநலச் செவிலியர் பயிற்சி’ நடந்தது.

நர்ஸ் சங்கிலியம்மாளுக்கு அன்று இறுதித் தேர்வு. தேறினால் உள்ளூர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கே பொறுப்பாளர். தவறினால் ராமநாதபுரத்துக்கு மாற்றல். முல்லையாற்றுத் தண்ணீரில் வளர்ந்த நாக்கு, உப்புத் தண்ணீரை நினைத்ததுமே சுருண்டது.

விதி எளிது. நோயாளி சொல்வதை மறுக்கவும் கூடாது, ஆமோதிக்கவும் கூடாது. ‘விலகி நின்று’ கேட்க வேண்டும். சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஞானதுரை பேனாவைத் திறந்தார். தேர்வுக்கான நோயாளியாக, முருகம்மாள் என்பவள் தன் வீட்டுக்காரர் சீனிச்சாமியைக் கூட்டி வந்து உட்கார வைத்தாள்.

“சுருளி அருவி எனக்குச் சொந்தம்” என்றார் சீனிச்சாமி.

சங்கிலியம்மாள் விலகித்தான் நின்றாள். ஆனால் ஊர் கேட்காமல் ஒரு மனிதரோடு பேச அவளால் எப்படி முடியும்?

“எந்த ஊருங்க?”

“மயிலாடும்பாறை.”

“அங்கன யாரு வீடு?”

“மேலத்தெரு பெருமா வீடு.”

“ஆத்தாடி! எங்க அத்தை வாக்கப்பட்ட வீடுல்ல? அப்ப நீங்க எனக்கு மாமா!”

உறவு பிறந்தது, விலகல் செத்தது.

“மாமா, அருவி உங்க குடும்பச் சொத்துன்னா எங்க அத்தைக்கும் பங்கு உண்டுல்ல?”

“பங்கெல்லாம் கிடையாது. வேணும்னா அமாவாசைக்குக் குளிச்சுக்க.”

“அமாவாசைக்குத்தான் ஊரே குளிக்குதே, அதுக்கு உங்க தயவு எதுக்கு? பாதி அருவி வேணும். தண்ணி விழுகுற பக்கம்.”

“அப்ப எனக்குப் பாறையா? ஏ முருகம்மா, அரிவாள எடு!”

முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “வைத்தியம் பாப்பாகன்னு கூட்டியாந்தேன், பாகம்ல பிரிக்கிறாக!”

ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. ‘நோயாளியின் உலகத்துக்குள் இறங்கி, பாகப்பிரிவினை வரை சென்ற அபூர்வ ஒத்துணர்வு’ என்று எழுதி, முதலிடம் கொடுத்தார். கிளம்பும்போது, தன் மாமனார் ஊரும் அருவிக்குப் பக்கத்து ராயப்பன்பட்டிதான் என்றும், தனக்கு ஒரு வாளியாவது தேறுமா என்றும் சீனிச்சாமியிடம் தணிந்த குரலில் விசாரித்தார்.

சங்கிலியம்மாள் மாலை மரியாதையோடு பொறுப்பேற்றாள். மறுநாள் காலையிலேயே முருகம்மாள் வீட்டுக்காரரோடு வந்து நின்றாள்.

“ஆத்தா, உங்க மாமாவ எங்கன படுக்க வைக்க?”

சங்கிலியம்மாள் மலர்ந்த முகத்தோடு வாசலில் நின்ற வேப்பமரத்தடியைக் காட்டினாள்.

அந்த ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்ற ஒன்று கட்டப்படவே இல்லை.