கோல்டு கோஸ்ட் கெட்டிமேளம்

சங்கரன்கோவில்,
1957, பங்குனி மாதம்.

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஆறுமுகச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் என் மனைவி சுந்தரம்மாளும் சுகம். தாங்களும் தங்கள் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவர்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. கோல்டு கோஸ்ட் தேசம் சுதந்திரம் பெற்று கானா என்று பெயர் சூடியதை ஒட்டி, அந்த நாட்டு மேளம், ஆட்டம், கூத்து, நெசவு எல்லாவற்றையும் புகழ்ந்து அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். மெத்த சந்தோஷம். ஆனால் கடைசி வரியில் 'நம் ஜில்லாவாசிகள் இதுவரை கேட்டிராத மேளம்' என்று போட்டுவிட்டீர்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் கேட்டிருக்கிறோம் ஐயா. என் மூத்த மகள் கோமதித்தாய் கழுத்தில் தாலி ஏறியதே அந்த மேளத்தில்தான்.

1945 ஐப்பசியில் அவள் கல்யாணம். ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே பந்தல். முந்தின நாள் பிடித்த மழை விடிந்தும் விடாமல் கொட்டியதில் புளியங்குடி நாயனக்காரர்கள் ஓடைக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள், கடையநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தை வெள்ளம் அரித்துவிட்டது, யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் கோல்டு கோஸ்ட் பட்டாளத்தை ஏற்றிய ஸ்பெஷல் ஒன்று என் பிளாட்பாரத்தில் வந்து நின்றது, முகூர்த்தத்துக்கு முக்கால் மணிதான் இருக்கிறது, மேளம் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார், ராயகிரி நல்லக்கண்ணு, என்னைப் பார்த்த பார்வையில் ஈரவிறகே பற்றிக்கொள்ளும். அப்போது ரயில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கொட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தால், நம் உடுக்கைக்கு அண்ணன் போல ஒன்றைக் கக்கத்தில் இடுக்கி, அமுக்க அமுக்க அதைப் பேசவைத்துக்கொண்டிருக்கிறார் ஒரு கார்ப்பொரல். பெயர் யாவ். அவர்கள் ஊரில் வியாழக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்தப் பெயராம். பட்டாளத்துக்கு ஆடிப் பாடி நாடகம் போடும் கோஷ்டி அவருடையது. ஆறு பேர், நாலு கொட்டு, ஒரு டிரம்பெட். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். "கல்யாணமா? அதற்கு எங்களை அழைக்கவா வேண்டும்?" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிவிட்டார்.

நம் பக்கத்தில் பெரியவர் ஒருவர் ஆட்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினால் கெட்டிமேளம். அபசகுனமான சொல் எதுவும் காதில் விழாதபடி கொட்டித் தீர்க்கவேண்டும். இதையெல்லாம் யாவுக்கு விளக்கி, "விரல் எழுந்தால் அடியுங்கள்" என்றேன். யாருடைய விரல் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

நல்லக்கண்ணு விரலை நீட்டாமல் பேசிப் பழகாத மனிதர். "ஏ சம்பந்தி, பட்டாளத்தான் மேளத்துலயா எம் மவன் தாலி கெட்டணும்? நாளைக்கு ஊருக்குள்ள" என்று விரலைத் தூக்கினார். மேளம் பந்தலைத் தூக்கியது. அவர் கோபத்தில் விரலை ஆட்ட ஆட்ட இவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். கையை இறக்கினார், மேளம் நின்றது. "நான் என்ன சொல்லுதேன்னா" என்று மறுபடி தூக்கினார், மறுபடி மேளம். மூன்று முறை இப்படி ஆனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்ல வந்ததையே மறந்து நின்றார். பட்சபாதமில்லாமல் சொல்கிறேன், கெட்டிமேளம் எதற்காக ஏற்பட்டதோ அந்தக் காரியத்தை அதைவிடச் சுத்தமாகச் செய்த மேளத்தை நான் கேட்டதில்லை. நடுவில் யாவ் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அந்த இடுக்கு மேளத்தில் 'கோமதித்தாய்' என்று ஏற்றி இறக்கி ஒரு கூப்பிடு கூப்பிட்டார். குனிந்திருந்த மணப்பெண், யாரோ கூப்பிட்டதாக எண்ணி, "ஏன்?" என்று நிமிர்ந்துவிட்டாள். பந்தலே சிரித்தது. நல்லக்கண்ணுவின் கால் அவருக்குத் தெரியாமல் தாளம் போடுவதை நான் பார்த்தேன். முகூர்த்தம் வந்தபோது விரலைத் தூக்கியது அவர்தான். இம்முறை தெரிந்தே தூக்கினார்.

பிறகு அவர்கள் கூத்து. ஒருவர் தலையில் துணி சுற்றிப் பெண்டாட்டியாகி, குடித்துவிட்டு வந்த புருஷனைப் புரட்டி எடுத்தார். பாஷை தெரியாமலே சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அதற்கப்புறந்தான் நான் செய்த பாவம். மேளக்காரர்களுக்கு வேட்டி, துண்டு, தேங்காய், வெற்றிலை வைத்துத் தட்டுக் கொடுத்து அனுப்புவது முறை. சுந்தரம்மாள் தட்டோடு வருகிறாள், பந்தியில் இலை போடுகிறார்கள், அந்நேரம் தண்டவாளம் சரியாகி, வண்டி போகலாமென்று லைன் கிளியர் வந்துவிட்டது. பட்டாள வண்டி. ஒரு நிமிஷம் நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. என் கையாலேயே பச்சைக் கொடி காட்டினேன். சாப்பிடாமல் ஏறினார்கள். தட்டை ஏந்தியபடி இவள் பிளாட்பாரத்தில் நின்றாள். அதிலிருந்து நான் அந்தப் பேச்சை எடுத்தால் இவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள். பன்னிரண்டு வருஷம் ஐயா. திட்டினால்கூடத் தாங்கலாம்.

இப்போது இளையவள் இசக்கித்தாய்க்கு வைகாசியில் கல்யாணம். மூத்தவளுக்குக் கொட்டினவர்களை வெறுங்கையாக அனுப்பிவிட்டு, இவள் பந்தலில் நான் எந்த முகத்தோடு நிற்பது? ஆகவே இக்கடிதத்தைப் பிரசுரித்து, அந்த ஊர்ப் பத்திரிகை எதற்காவது எழுதி, யாவ் என்பவரைத் தேடித் தரவேண்டும். வியாழக்கிழமை பிறந்தவர்கள் அங்கே அநேகர் இருப்பார்கள் என்பதை நான் அறிவேன். இருந்தாலும் முயலவேண்டும்.

தங்கள் பத்திரிகை ஆல்போல் தழைக்கவும், தாங்கள் பேரன் பேத்தி கண்டு நெடுநாள் வாழவும் அம்மனை வேண்டும்,
ஆறுமுகச்சாமி.

பின்குறிப்பு: மேலே கண்ட எதையும் பிரசுரிக்க வேண்டாம். பிழை பார்க்க சுந்தரம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். "ஏன் ஊரைக் கூட்டுதீக? அந்த மனுசன் வெலாசத்தை எழுதி கோமதி கையில குடுத்துட்டுத்தான் ரயிலு ஏறுனாரு. மறு மாசமே வேட்டியும் துண்டும் தபால்ல போயாச்சு" என்கிறாள். சிவகிரி தபாலாபீஸுக்கு எடுத்துப்போனவர் நல்லக்கண்ணுவாம். வருஷா வருஷம் ராயகிரிக்குக் கடிதம் வருகிறதாம். யாவ் இப்போது சொந்தமாக நாடகக் கோஷ்டி நடத்துகிறாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா தமுக்கு அடிப்பீக. அந்தக் கவலையிலயாவது வீட்டுல அடங்கி இருந்தீகளே" என்றாள். பெட்டியைத் திறந்து, பெண்ணைப் பெற்றவருக்கென்று யாவ் அனுப்பியிருந்த துணியை எடுத்து என் தோளில் போட்டாள். அரையடிப் பட்டைகளாக நெய்து சேர்த்துத் தைத்தது. மஞ்சளும் பச்சையும் சிவப்பும். நம் ஊர்த் தறிக்காரர்கள் பார்த்தால் ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிடுவார்கள். நல்ல கனம். நான் அழுதுவிட்டேன். 'கேட்டிராத மேளம்' என்ற வரியை மட்டும் தாங்கள் திருத்தினால் போதும்.