பத்தரைக்குள் ஒரு கதாநாயகி

"யாரு எவருன்னு தெரியாம பிள்ளை காதுல ஓத மாட்டேன்" என்று தொட்டிலருகே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள் ஜக்கம்மாள்.

பெயர் வைக்கிற அன்று குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. நல்ல நேரம் பத்தரையோடு சரி. இப்போதே மணி பத்து. அவள் தம்பி விஜயபாண்டி போடியில் ஆங்கில ஆசிரியர். பழைய ஆங்கில நாவல்களின் கதாநாயகிகளை ஒப்பிட்டு ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவன். மகள் பிறந்தால் அவர்களில் ஒருத்தியின் பெயர்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான்.

"எட்வினான்னு வைக்கிறோம்க்கா. ஜமீன்தாரே பொண்ணு கேட்டு வந்தப்ப, 'முடியாது, போய்யா'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ."

"அடி ஆத்தீ!" ஜக்கம்மாளின் முகம் மலர்ந்தது. "கடைசியில நல்லா இருந்தாளா?"

ஆராய்ச்சி செய்தவனுக்குப் பொய் சொல்ல வராது, அதுதான் கோளாறு. "கடைசியில... ஆத்துல விழுந்து செத்துப்போயிருவா."

கூடியிருந்த பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள்.

"வெளங்கிரும்! வேற பேரு சொல்லுங்க மாப்ளே, வெரசா" என்றார் மாமனார் ராக்கையா.

"அப்ப ஹென்றியட்டா. பொறுமைசாலி. கப்பலுக்குப் போன புருசனுக்காக வாசல்லயே காத்திருந்து, மழையில நனைஞ்சு, காய்ச்சல் வந்து..."

"நனைஞ்சதுக்கா செத்தா?" ஜக்கம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "குரங்கணி மேல ஏலக்காத் தோட்டத்துல முப்பது வருசமா நனையிறேன். நனைஞ்சுதான்டா உன்னய அந்தப் பட்டமெல்லாம் படிக்க வச்சேன். கல்லு மாதிரி இருக்கேன், பாரு! நம்ம பிள்ளைக்கு நோஞ்சான் பேரு வேணாம்."

பத்து இருபது. விஜயபாண்டி முந்நூறு பக்க ஆய்வேட்டை மனதுக்குள் வேகவேகமாகப் புரட்டினான். சாகாதவள் ஒருத்தி அகப்பட்டாள்.

"அகஸ்டா! கல்யாணம் பண்ணி எம்பது வயசு வரைக்கும் நல்லா வாழ்ந்தவ!"

"அப்பாடா. மாப்பிள்ளை யாரு?" என்றார் ராக்கையா.

"சொந்தம்தான் மாமா. அவ சித்தப்பா மகன்."

வீடே எழுந்து நின்றது.

"அண்ணன் முறையில்லய்யா வருது!" ராக்கையா துண்டை உதறினார்.

"அவங்க ஊர்ல அது தப்பில்ல மாமா. பெரியம்மா மகனைக்கூடக் கட்டலாம்..."

"இதையா ஆறு வருசம் உக்காந்து ஆராய்ச்சி பண்ணீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பிள்ளையைப் பெற்ற முத்துப்பிரியா.

பத்து இருபத்தெட்டு. விஜயபாண்டி அக்காவைப் பார்த்தான். தான் படித்த அத்தனை பேரையும் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். ஒருத்தியும் அவள் தோளுக்குக்கூட வரவில்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எந்தக் கதாநாயகியும் வேணாம். ஜக்கம்மாள்னு வைங்க. எங்கக்கா பேரச் சொல்லிக்கிட்டு எம்மக நிமிர்ந்து நடக்கட்டும்!"

ஜக்கம்மாள் கண்ணைத் துடைத்தாள். குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை ஓதினாள். மணி சரியாகப் பத்தரை. எல்லோர் வாயிலும் சர்க்கரை விழுந்தது.

"ஏ ஜக்கம்மா, தாத்தாவப் பாரு!" என்று ராக்கையா தொட்டிலை ஆட்டினார்.

"அந்தப் பேரு இல்ல மாமா" என்றாள் ஜக்கம்மாள். "ஜமீன்தாரையே போய்யான்னாளே, அவ பேரத்தான் ஓதியிருக்கேன், எம்மருமகளுக்கு நீச்சல் நான் கத்துக்குடுத்துக்கிறேன்."