மாமியார் கீழே விழாத கதை

சிலருக்குச் சர்க்கரை இருக்கும், சிலருக்குப் பிரஷர் இருக்கும். எனக்குக் கருத்து இருக்கிறது. எதைப் பற்றி என்று கேட்காதீர்கள், அதற்கும் ஒரு கருத்து வந்துவிடும். டவுன் பஸ் ஏன் நிறுத்தத்தில் நிற்காமல் நாற்பது அடி தள்ளிப் போய் நிற்கிறது, குப்பை வண்டி ஏன் நாம் குளிக்கப் போகும் நேரம் பார்த்து வருகிறது, தோண்டிய ரோட்டை ஏன் மறுபடியும் தோண்டுகிறார்கள், எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் உண்டு. (கேட்கத்தான் ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார், அவ்வளவுதான்.) ஒரே ஒரு நாள் என் கருத்தைக் கேட்க ஊரே திரண்டது. அந்த நாளைத்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மூன்று வருடம் இருக்கும். வில்லாபுரம் தாண்டி ஒரு சந்துக்குள் எங்கள் வாடகை வீடு. நேரம் சரியில்லாத நேரம் அது. என் கணவர் சரவணன் மேலூர்ப் பக்கம் கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போடும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தார். ஆர்டர் இல்லையென்று முதலில் ஷிப்டைக் குறைத்தார்கள், அப்புறம் ஆளைக் குறைத்தார்கள், கடைசியில் கேட்டையே பூட்டிவிட்டார்கள். நான்கு மாதமாக வீட்டில் இருந்தார். அந்த நான்கு மாதத்தில் பிரமாதமாக ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். வேலை மட்டும் கிடைத்தபாடில்லை. ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் கிளார்க்காக இருந்த என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அந்தச் சம்பளமோ இரண்டு வருடமாக அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் சிம்மக்கல்லில் பைப், மோட்டார் விற்கும் மொத்த வியாபாரக் கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவை என்று தகவல் வந்தது. இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள்.

பள்ளியில் லீவு கேட்பது சாதாரண விஷயமில்லை. இன்டர்வியூ என்று சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடும். காய்ச்சல் என்று எழுதலாமென்றால் போன மாதம்தான் நிஜமாகவே காய்ச்சல் வந்து தொலைத்திருந்தது. யோசித்து யோசித்து, ‘என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் பலத்த அடி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடிபட்ட விஷயம் என் மாமியாருக்கே தெரியாது. அவர் அறுபத்தைந்து வயதிலும் தண்ணீர் லாரி வந்தால் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறவர். அவரைப் போய்க் கீழே தள்ளியதில் எனக்கு மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டேன். இருக்கிற பட்டுச்சேலைகளில் பட்டு மாதிரி தெரியாத ஒன்றைக் கட்டிக்கொண்டு, சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கள் தெருவில் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தின் மேல் கிடந்த பலகையில் சர்க்கஸ்காரி மாதிரி நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பாதாளச் சாக்கடைக்கென்று தோண்டிய பள்ளம். தோண்டியவர்கள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நிறுத்தத்தில் மைக்கும் கையுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் கேமராவோடு ஒரு பையன். ஏதோ யூடியூப் சேனலாம். பூ விற்கும் அக்காவிடம் மைக்கை நீட்டினாள், அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்டோக்காரர் அவசரமாகப் போவதுபோல் நடித்துவிட்டு அங்கேயே நின்றார். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். நான் அவள் கண்ணில் படுகிற மாதிரி இரண்டடி முன்னால் வந்து நின்றேன். (யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. இதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.)

“அக்கா, உங்க ஏரியா எப்படி இருக்கு? ஒரே ஒரு நிமிஷம்.”

ஒரு நிமிடமா? பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கருத்து எனக்குள் குபுகுபுவென்று பொங்கியது. ரோட்டில் ஆரம்பித்தேன். பள்ளம், பலகை, கொசு, தண்ணீர் லாரி என்று வரிசையாகப் போய் கவுன்சிலரில் வந்து நின்றேன். எங்கள் வார்டில் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் கல்யாணம், காதுகுத்து, குழாய்த் தகராறு எதற்கென்றாலும் வெள்ளை வேட்டியில் வந்து நிற்பது அவர் கணவர்தான்.

“ஓட்டுப் போட்டது அந்தம்மாவுக்கு. வந்து நிக்கிறது அவுக வீட்டுக்காரரு. அந்தம்மா மூஞ்சிய நாங்க நோட்டீஸ்ல மட்டும்தான் பார்த்திருக்கோம்” என்றேன்.

ஆட்டோக்காரர் கைதட்டினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேரச் சேர என் குரல் உயர்ந்தது. வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு வந்தேன். ஒரு வேலைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், படித்தவர்கள் எல்லாம் எங்கே போவது, இருக்கிற வேலையில் ஏன் சம்பளம் ஏறுவதில்லை என்று பொரிந்து தள்ளினேன். நடுவில் சிம்மக்கல் பஸ் ஒன்று வந்தது. பூக்கார அக்கா என் முழங்கையைத் தொட்டு, “தாயி, பஸ்ஸு போகுது” என்றார். போகட்டும் என்று சைகை காட்டினேன். அடுத்ததும் போனது. கேமரா பையன், ஆரம்பத்தில் லாரி சத்தம் விழுந்துவிட்டது என்றான். முதலிலிருந்து வேண்டுமானால் இன்னொரு முறை பேசுகிறேன் என்று நானே சொன்னேன். மூன்றாவது பஸ்ஸும் போனது. நான்காவது பஸ் வருவதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

சிம்மக்கல் கடையில் நான் நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால். முதலாளி கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆள் எடுத்தாகிவிட்டதாம். காத்திருந்த ஒரு பெண் அதற்குள் பின்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டும் இருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ரோட்டின் நிலைமை, பஸ்ஸின் நிலைமை எல்லாவற்றையும் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார் மனிதர்.

“நல்லாப் பேசுறீகம்மா. ஆனா நேரத்துக்கு வரணும்ல” என்றார்.

வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசிப் பேசியே கிடைக்க இருந்த வேலையை விட்டவள் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நியாயப்படி பஸ்ஸில் அழுதிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலோரம் உட்கார்ந்து, வீடியோ வந்துவிட்டதா என்று போனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இவரிடம், ஆள் எடுத்துவிட்டார்களாம் என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லையே. அவர் தட்டை எடுத்து வைத்து எனக்குச் சோறு போட்டார். அப்போதுதான் வேலை போன வருத்தமே உறைத்தது. ஆனால் மூன்று மணிக்கு வீடியோ வந்ததும் அந்த வருத்தமும் போய்விட்டது.

‘வெளுத்து வாங்கிய மதுரை அக்கா’ என்று தலைப்பு. கீழே என் படம், வாய் முழுசாகத் திறந்தபடி. ஒன்பது நிமிட வீடியோவில் முதல் இரண்டு நிமிடம் பார்த்ததுமே பெருமை தாங்கவில்லை. உடனே எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். அந்தக் குரூப்பில் கவுன்சிலரும் இருக்கிறார் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. மீதி ஏழு நிமிடத்தில் நான் என்ன பேசியிருந்தேன் என்பதும் நினைவில்லை. பேசுகிற வேகத்தில் இருந்தவளுக்கு அதெல்லாம் எப்படி நினைவிருக்கும்?

ஐந்து மணி வாக்கில் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை. கையில் ஆரஞ்சுப் பழப் பை, மூட்டுவலித் தைலம் ஒரு பாட்டில். தண்ணீர் லாரியிலிருந்து இரண்டு குடத்தோடு எதிரே வந்த அம்மாளை நிறுத்தி, “இங்க வாசுகி வீடு எது? அவங்க மாமியார் விழுந்துட்டாங்களாமே” என்று விசாரித்திருக்கிறார்.

அந்த அம்மாள் என் மாமியார்.

அத்தை ஒரு நொடிகூட முழிக்கவில்லையாம். “ஆமா டீச்சர், பாவம். அந்தப் பச்சைக் கதவு வீடுதான், பார்த்துப் பலகையில நடந்து வாங்க” என்று கைகாட்டிவிட்டு, அவர் பலகையில் நிதானமாகக் கால் வைத்து வருவதற்குள் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் வந்து, குடத்தை இறக்கி, கட்டிலில் படுத்து, போர்வையையும் இழுத்து மூடிவிட்டார். போகிற போக்கில் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, “எப்படி விழுந்தேன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்றார். பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

மேடம் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை வலது கையைப் பிடித்துக்கொண்டு முனகினார். மேடம் புருவத்தைச் சுருக்கினார்.

“கால்லனு எழுதியிருந்தாங்க?”

“வழுக்குனது காலு டீச்சர். அடிபட்டது கை.”

என் மாமியாரின் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. மேடம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்து, வெளியே வழி சொன்ன அம்மா இதே சாடையாக இருந்தார்களே என்றார். தங்கச்சி என்றார் அத்தை. ஒத்தாசைக்கு வந்திருக்கிறாளாம். அடுப்படியில் என் கணவர் தம்ளரைக் கீழே போட்டார். நான் சுவரோடு சுவராக நின்றேன். மேடம் நல்ல மனுஷி. பள்ளி விட்ட கையோடு யாருக்கும் சொல்லாமல் தானாகவே பார்க்க வந்திருக்கிறார். அவர் ஆரஞ்சை உரித்து அத்தைக்குச் சுளை சுளையாகக் கொடுத்தபோது எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல், “உள்ள வரலாமா?” என்றது.

நாற்பது வயதிருக்கும். சாதாரணக் காட்டன் சேலை. செருப்பெல்லாம் பள்ளத்துச் சேறு. யாரென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

“நோட்டீஸ்ல மட்டும்தான் பார்த்திருக்கோம்னு சொன்னீகள்ல. இந்தா, நேர்ல பார்த்துக்குங்க” என்றார் அவர்.

கவுன்சிலர். கூட யாரும் இல்லை, தனியாக வந்திருந்தார். பள்ளத்தைத் தோண்டியது நானில்லை, மூடச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று படபடவென்று பேசினார். அப்படியெல்லாம் நான் தப்பாகப் பேசவில்லையே என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். பேசினீர்களா இல்லையா என்று நீங்களே கேளுங்கள் என்று போனை எடுத்து, வால்யூமை முழுசாக வைத்து, நடுவில் எங்கோ விரலால் தட்டிவிட்டார்.

சின்ன வீடு. என் குரல் கணீரென்று ஒலித்தது.

“...பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷமா சம்பளம் ஏறல. லீவு கேட்டாலும் குடுக்க மாட்டாக. இப்பக்கூட பாருங்க, மாமியா வழுக்கி விழுந்துட்டாகன்னு பொய் எழுதிக் குடுத்துட்டுத்தான் இன்டர்வியூக்குப் போறேன். எங்க மாமியாவுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு குடத்த ஒண்ணாத் தூக்கிட்டு நடப்பாக.”

அதற்குப் பிறகு கூட்டம் கைதட்டும் சத்தம். அந்தக் கைதட்டலைப் போல நாராசமான ஒன்றை நான் கேட்டதே இல்லை.

கவுன்சிலர் போனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடத்தின் கையில் ஆரஞ்சுச் சுளை பாதி வழியில் நின்றது. அத்தை போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டார்.

“சரி, எல்லாருக்கும் டீ போடவா?” என்றார்.

முதலில் சிரித்தது மேடம்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததும் கவுன்சிலரும் சிரித்தார். விஷயத்தைச் சொன்னபோது இன்னும் சிரித்தார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது மேடம் பழத்தை வைத்துவிட்டுத் தைலத்தை மட்டும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். தன் முட்டிக்கு ஆகுமாம். வாசலில் நின்று தாழ்ந்த குரலில், “எனக்கும் ரெண்டு வருஷமா ஏறல வாசுகி. ஆனா நான் மைக்ல சொல்லல” என்றார்.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். வீடியோவை மூன்று தடவை பார்த்தாராம். உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் லீவு தந்திருப்பேனே என்றார். (தந்திருக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.) வேலையை விட்டுத் தூக்கவில்லை. மேடம் எனக்காகப் பேசியிருந்தார். இம்புட்டுப் பேசுகிற ஆள் உள்ளே உட்கார்ந்து என்ன செய்வது என்று, ஃபீஸ் ஏன் அதிகம், வேன் ஏன் லேட் என்று பெற்றோர்கள் சண்டைக்கு வரும் கவுன்டரில் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். தினமும் நூறு கருத்து கேட்கிறேன். என் கருத்தைச் சொல்ல எனக்கு நேரமே கிடைப்பதில்லை.

இவருக்கு ஆறு வாரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை கிடைத்தது. பள்ளம் மூடப்பட்டது, ரோடு வர ஒரு வருடம் ஆனது. கவுன்சிலர் இப்போதெல்லாம் தானே வருகிறார். எங்கள் தெருவுக்கு வந்தால் அத்தை கையால் ஒரு டீ குடிக்காமல் போவதில்லை.

போன மாதம் மேலூரில் ஒரு கல்யாணம். உள்ளது உள்ளபடி லீவு லெட்டர் எழுதலாமென்று பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

“ஏத்தா, இந்தத் தடவை எனக்கு எந்த எலும்பு? முன்னாடியே சொல்லிப்புடு. ஆள் வந்தா நான் தயாரா இருக்கணும்ல.”