கடலுக்கு முதுகு காட்டிய நாற்காலி

"பையன் பேரென்ன?"

மீட்புக் குடிலின் ஜன்னலுக்குப் பின்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரைசா கேட்டாள்.

ஷோல்பான் வாயைத் திறந்தாள். மூடினாள். "நாலு வயசு" என்றாள்.

"வயசைக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பானா? பேரைச் சொல்லும்மா."

"மஞ்சள் டிராயர் போட்டிருக்கான்."

ரைசா மைக்கைக் கீழே வைத்தாள். அக்தாவ் நகரத்துக் கடற்கரையில் தொலைந்துபோகும் குழந்தைகளையும் கணவர்களையும் பல்செட்டுகளையும் தேடிக் கொடுத்துக் கொடுத்து அலுத்த முகம் அது.

"புருஷன் வீட்டுப் பேரு. அதானே?"

"எங்க மாமனாரோட அப்பா பேரு, அக்கா."

"விளங்கிடும்!"

பட்டணத்து மருமகள்கள் பலர் இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். ஷோல்பான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் விடவில்லை. கணவன் வீட்டுப் பெரியவர்கள் பெயர் மருமகளின் நாக்கில் வரக் கூடாது என்றால் வரக் கூடாதுதான். பிள்ளை பிறந்தபோது, தன் அப்பாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மாமனார் சொன்னார். முல்லா வந்து பிள்ளையின் காதில் மூன்று முறை ஓதினார். அதோடு சரி. அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. ஷோல்பானால் சொல்ல முடியாது. மாமனார் ஏனோ சொல்வதில்லை. அவள் கணவன் தௌலெத்துக்கு எண்ணெய் வயலில் வேலை. மாதத்தில் பாதிதான் வீட்டில் இருப்பான். இருக்கும் நாளில் பிள்ளையை 'வீரா' என்பான். மற்ற எல்லோருக்கும் அவன் பொத்தா. ஒட்டகக்குட்டி.

"சரி, வாயால சொல்ல வேண்டாம். எழுதிக் குடு. நான் சொல்றேன்" என்றாள் ரைசா.

"நீங்க சொன்னா அது மாமா தலையில விழுமே, அக்கா."

"எங்க இருக்காரு உங்க மாமா?"

ஷோல்பான் விரலை நீட்டாமல் முகவாயால் காட்டினாள். கார்கள் நிற்கும் மேட்டில் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கி. அதற்கு நேர் கீழே மடக்கு நாற்காலியில் மாமனார். வந்து இறங்கியதும் நாற்காலியை விரித்து, கார்களைப் பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்துவிட்டார். "கடலைப் பாக்கலையா, மாமா?" என்று இவள் கேட்டதற்கு, "பாத்தாச்சு" என்றார். நீச்சல் உடையில் போய்க்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துவிட்டு ஷோல்பான் தானே காரணத்தைப் புரிந்துகொண்டாள். இங்கிருந்து அவருடைய தொப்பியும் நாற்காலியின் முதுகும்தான் தெரிந்தன.

இந்த ஒரு நாளுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து கடல் என்று பேச்செடுத்தாலே மாமனார் எழுந்து ஒட்டகங்களைப் பார்க்கப் போய்விடுவார். இந்தக் கோடையில் தௌலெத்தின் விடுப்பு ரத்தாகி, மூத்தவள் ஜானியா அழுது அழுது காய்ச்சலை வரவழைத்துக்கொண்ட பிறகுதான், இன்று காலையில் ஒன்றுமே சொல்லாமல் கார்ச் சாவியை எடுத்தார். ஒரு குறையும் இல்லாமல் பிள்ளைகளோடு வீடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவள் வேண்டிக்கொண்டது.

ஜானியாவின் கண்ணில் மணல் விழுந்தது. குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவிவிட்டுத் திரும்பினாள். பொத்தா தோண்டிக்கொண்டிருந்த குழி இருந்தது. பொத்தா இல்லை.

"இங்க பாரு" என்றாள் ரைசா. "நானும் மருமகதான். எங்க மாமனார் பேரு ஞாயித்துக்கிழமை தவறாம இந்த மைக்குல வரும். பீரைக் குடிச்சிட்டு மணல்ல படுத்துடுவார். மரியாதை பாத்து நான் சும்மா இருந்தேன்னா மனுஷனை அலை கொண்டு போயிடும்."

"எங்க மாமா அப்படி இல்லக்கா."

அவர் எப்படி என்பதை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிது. வாசலில் தபால்காரர் மாமனாருடைய அப்பாவின் பெயரைச் சொல்லி, இன்னார் மகன் இருக்கிறாரா என்று கேட்க, அதை அப்படியே உள்ளே திரும்பி உரக்கச் சொல்லிவிட்டாள். மாமனார் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போனார். இருட்டும் வரை காற்றில் தனியாக நின்றார். அதன்பிறகு பல நாள் யாரோடும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தௌலெத்துக்குப் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் தோண்டும் இடத்தில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"பொத்தான்னே சொல்லுங்கக்கா. அதைக் கேட்டா ஓடி வந்துடுவான். யாரோ வீட்டுப் பொத்தான்னு மாமாவும் விட்டுடுவாரு."

"அது போதுமா?"

"போதும்."

ரைசா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மைக்கை எடுத்தாள். "நாலு வயசுப் பையன் பொத்தா, எங்க இருந்தாலும் மீட்புக் குடிலுக்கு வரவும். உங்க அம்மா இங்க இருக்காங்க!"

பொத்தா வந்தான். பாட்டியின் இடுப்பில் ஒரு பொத்தா, தர்பூசணியும் கையுமாக ஒரு பொத்தா, ஒன்றாகப் பிறந்த இரண்டு பொத்தாக்கள். அக்தாவில் எந்த வீட்டில்தான் ஒட்டகக்குட்டி இல்லை? உங்க அம்மா அங்கே இருக்கிறாள் என்று கேட்டதும், பக்கத்தில் நிற்கும் அம்மாவை நம்பாமல் பாதிப் பேர் அழத் தொடங்கியிருந்தார்கள். தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டே ஒருவன், "எங்கம்மா எங்க?" என்று ஷோல்பானைக் கேட்டான்.

"யாரும்மா அது, புள்ளைங்களை ஏமாத்தி அழவிடறது?" என்று ஒரு தகப்பன் கத்தினான்.

"இதுல உன்னுது இருக்கா, பாரு" என்றாள் ரைசா.

"இல்லக்கா."

"இருந்தாலும் இந்தக் கூட்டத்துல கண்டுபிடிக்க முடியாது."

ரைசா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஷோல்பானின் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஜானியாவைப் பார்த்தாள். "ஏ கண்ணு, நீதான் மருமக இல்லையே. உன் தம்பி பேரு என்ன, சொல்லு."

ஜானியா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொல்லுடி" என்றாள் ஷோல்பான்.

"மாட்டேன். அந்தப் பேரைச் சொன்னா நாக்கு வீங்கிடும்னு நீதானே சொன்ன?"

"அது சும்மா சொன்னதுடி."

"அப்போ நீ சொல்லு."

ஷோல்பான் மேட்டைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. தொப்பி மட்டும் அதன்மேல் கிடந்தது.

மாமா கேட்டுவிட்டார். அதோடு, கோபத்தில் தொப்பியைக்கூட மறந்துவிட்டு எழுந்து போய்விட்டார். பேரனை ஒப்படைத்து ஒரு பகல் ஆகவில்லை, தொலைத்துவிட்டு நிற்கிறாள் மருமகள். இனிமேல் யாரிடமிருந்து எதை மறைக்க?

"அக்கா, டிராயரையும் சேர்த்துச் சொல்லுங்க. மஞ்சள் டிராயர்."

ரைசா சொன்னாள். "கவனிக்கவும். மஞ்சள் டிராயர் போட்ட பொத்தா. மத்த பொத்தாக்கள் அவங்கவங்க அம்மாகிட்டயே இருக்கவும்."

கொஞ்ச நேரத்தில் சிவந்த தோளோடு ஒரு தடித்த மனிதர் மூச்சு வாங்க வந்தார். விரல் நுனியில் எதையோ தூக்கிப் பிடித்திருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"டிராயர் கெடைச்சிருச்சு" என்றார். "உள்ள ஆள்தான் இல்லை."

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்தினார்கள்.

"எங்க கெடந்துச்சு?" ரைசாவின் குரலில் கிண்டல் போயிருந்தது.

"தண்ணி ஓரத்துல. அலையில போயிட்டு வந்துட்டு இருந்துச்சு."

ரைசா ஜன்னலிலிருந்து எழுந்து படகுக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினாள். ஷோல்பான் அந்த ஈரத் துணியை வாங்கினாள். அதை இறுக்கிப் பிழிந்தாள், வீட்டில் பிழிகிற மாதிரியே. பிறகு ஜன்னலுக்குள் கையை விட்டு, மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தெமிர்கான்!"

முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை உடையவில்லை.

"தெமிர்கான்! தெமிர்கான்! எங்கடா இருக்க? வாடா! தெமிர்கான்!"

கரை முழுவதும் அடங்கிவிட்டது. பொத்தாக்கள்கூட அழுகையை நிறுத்தினார்கள். பந்து விளையாடியவர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெயர் கம்பத்திலிருந்து கிளம்பி, மணலைத் தாண்டி, தண்ணீருக்கு மேலே போனது. அவள் நிறுத்தவில்லை. நாலு வருஷமாகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்துச் சொல்வதுபோல் கூப்பிட்டாள்.

ஜானியா மட்டும் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, "அம்மா, நாக்கைக் காட்டு" என்றாள்.

கரையின் அந்தக் கோடியில் கூட்டம் விலகியது. மாமனார் வந்துகொண்டிருந்தார். தலையில் தொப்பி இல்லை. மணலில் கால் புதையப் புதைய, அவசரமில்லாமல் வந்தார். அவர் தோள்மேல், அவருடைய மேல்சட்டைக்குள் முழங்கால் வரை புதைந்து, பொத்தா உட்கார்ந்திருந்தான்.

ஷோல்பான் மைக்கை விட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சட்டைக்குக் கீழே டிராயர் இல்லை. மற்றபடி எல்லாம் இருந்தது.

"எங்கடா போன?"

"தாத்தாகிட்ட. டிராயர் ஈரமாயிடுச்சு, கழட்டிப் போட்டுட்டேன்."

"என் மடியில படுத்துத் தூங்கிட்டிருந்தான்" என்றார் மாமனார். "யாரோ ஒரு பொத்தாவைக் காணோம்னு மைக்குல சொன்னாங்க. எந்தத் தாயி தவிக்கிறாளோன்னு, இவனையும் எழுப்பித் தூக்கிக்கிட்டுத் தேடப் போனோம்."

"உங்க பேரனையே தூக்கிக்கிட்டா?" என்றாள் பின்னாலேயே வந்த ரைசா.

"நம்ம பொத்தா நம்மகிட்ட இருக்கானேன்னு நெனச்சேன். மஞ்சள் டிராயர்னு வேற சொன்னாங்க. இவன் எதுவுமே போடலை."

ரைசா, தொலைந்துபோன நூறு மாமனார்களை நினைத்துக்கொண்டவள் போலத் தலையில் அடித்துக்கொண்டு குடிலுக்குத் திரும்பினாள்.

ஷோல்பானுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. தலை தானாகக் குனிந்தது. "மாமா, பிள்ளையைக் காணோம்கிற பதற்றத்துல... பெரியவர் பேரை... ஊரே கேக்க..."

மாமனார் அவளைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாகக் கடலைப் பார்த்து நின்றார்.

"எனக்கு அப்போ இவன் வயசு" என்றார். "எங்கப்பா படகுல போயிருந்தார். திடீர்னு மூடுபனி எறங்கிடுச்சு. படகுங்க எல்லாம் பக்கத்துலதான் எங்கயோ சுத்திக்கிட்டு இருந்துச்சு. பொம்பளைங்க கரையில நின்னு கூப்பிட்டாங்க. புருஷன் பேரைச் சொல்லலாமா? எங்கம்மாவும் 'ஏங்க, ஏங்க'ன்னுதான் கத்தினா. கரை பூரா ஒரே 'ஏங்க'. அதுல தன்னோட 'ஏங்க' எதுன்னு அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

ஷோல்பான் பிள்ளையின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆறிப்போன ஒரு கிண்ணம் தேநீர் அவள் கண்முன் வந்தது.

"மத்தவங்க எப்படியோ வந்து சேர்ந்துட்டாங்க." அவர் தண்ணீரை நோக்கி இரண்டு அடி வைத்தார். "உனக்கு நல்ல குரல்மா. தண்ணிக்கு மேல எவ்வளவு தூரம் போச்சு தெரியுமா? நான் கேட்டுக்கிட்டேதான் வந்தேன்."

அலை வந்து அவருடைய காலணியை நனைத்தது. அவர் நகரவில்லை. ஷோல்பானும் நகரவில்லை. அம்மாவின் நாக்கு வீங்காத ஏமாற்றத்தில் ஜானியா தன் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொத்தா அம்மாவின் தோள் வழியாகக் கடலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தான். பிறகு, கூடவே தேடி அலைந்தவனுக்கு உள்ள உரிமையோடு, கவலையாகக் கேட்டான்:

"தாத்தா, அந்தத் தெமிர்கான் கெடைச்சுட்டானா?"