முக்கால் சக்கரம்

விராலிமலையிலிருந்து திருச்சிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் எங்கள் ஐயாவின் கார்ச் சக்கரம், முக்கால்வாசி. மீதிக் கால்வாசி ஓர் ஆசாரியின் உலையில் கிடந்தது.

தப்புச் செய்துவிட்டால் அந்த இடத்தை விட்டு நடந்துவிடுவது என் வழக்கம். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான் (முதலில் விட்டது பள்ளிக்கூடத்தைத்தான்). உப்பளம், ஓட்டல், டூரிங் கொட்டகை எல்லாவற்றுக்கும் என் முகத்தைவிட முதுகு நன்றாகத் தெரியும்.

ஐயா மலாயாவில் வியாபாரம் செய்துவிட்டு, விராலிமலைக்குத் தெற்கே பத்து மைலில் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பியவர். கப்பலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவந்தார். அதில் இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் தள்ளலாம். அந்த மூன்றாவது ஆள் நான், கிளீனர். சக்கரங்கள் கம்பெனியிலேயே அலுமினியக் கலவையில் வார்த்தவை. அவற்றில் முகம் பார்த்துத் தலை வாரியிருக்கிறேன். எங்கேயோ வழவழப்பான ரோட்டுக்காகச் செய்திருப்பார்கள். எங்கள் ரோட்டில் மாட்டு வண்டித் தடமே முழங்கால் ஆழம் இருக்கும். கடல் காற்று பட்டதோ என்னவோ, கப்பலிலிருந்து இறங்கியபோதே ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆறு மாதத்துக்குள் ஒரு சக்கரம் குழியில் விழுந்து விளிம்பு விட்டுப்போனது. ஸ்டெப்னியை மாட்டினோம். ஐயா மெட்ராஸ் போயிருந்த வாரத்தில் இன்னொன்றில் விரல் நீளத்துக்கு விரிசல்.

டிரைவர் சவரிமுத்து அண்ணன் ஆவூர்க்காரர். "இவனுக்கு நான் பொறுப்புங்க" என்று சொல்லி என்னை வேலைக்குச் சேர்த்தவர் அவர்தான். ஐயா புறப்படும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "வெள்ளிக்கெழமை காலைல திருச்சி ஸ்டேசனுக்கு வண்டி வரணும். வரலைன்னா நீ வேற எடம் பாத்துக்க."

வியாழக்கிழமை காலையில் அண்ணன் தன்னுடைய நல்ல சட்டையை எனக்குக் கொடுத்து, சக்கரத்தையும் கொடுத்தார். "திருச்சில அலுமினியத்துக்கு வெல்டிங் வைக்கிறவன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட மட்டும் குடு. வேற எங்கிட்டும் போயிராத."

விராலிமலையில் பஸ் மாற வேண்டும். எதிரே ஓர் ஆசாரி வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா காய்ச்சிக்கொண்டிருந்தார். அதுவும் நெருப்பு, இதுவும் நெருப்பு. மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டால் அண்ணன் அசந்துபோவார் என்று நினைத்தேன்.

ஆசாரி சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "இது இரும்பு இல்லியே தம்பி. எனக்கு இதுல பழக்கம் கெடையாது."

"நான் கார் மெக்கானிக்குங்க" என்றேன். (கழுவுவேன், துடைப்பேன்.) "செவக்க விட்டு ரெண்டு தட்டு தட்டுங்க, ஒட்டிக்கிரும்."

விரிசல் பக்கத்தை உலையில் வைத்தார். துருத்தியை நானே இழுத்தேன்.

"எடுத்துரவா?"

"செவக்கட்டும்ங்க."

"நெறமே மாறலியே தம்பி."

"சீமைச் சாமானாச்சே, மெதுவாத்தான் செவக்கும்."

அலுமினியம் சிவப்பதற்கு முன்பே உருகிவிடும். ஆசாரி குறட்டால் இழுத்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. சக்கரம் வந்தது, விரிசல் இருந்த பக்கம் வரவில்லை. அது கரிக்கு நடுவே கஞ்சி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஆசாரி சக்கரத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். "விரிசல் இப்ப இல்ல தம்பி" என்றார்.

கையில் இருந்த பஸ் காசைக் கரிக்குக் கொடுத்துவிட்டு நடந்தேன். திருச்சிக்குத்தான், ஆனால் வெல்டிங்குக்கு அல்ல. ஒரு மைல் போனதும் வியர்வையைத் துடைக்கச் சட்டையைத் தூக்கினேன். அண்ணனிடம் இருந்ததே இரண்டு சட்டை. இது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போடுவது. நெஞ்சில் தீப்பொறி பட்டு மூன்று ஓட்டை. ஒரு மனிதருடைய வேலையையும் சட்டையையும் ஒரே நாளில் கொண்டுபோகக் கால் வரவில்லை. பெரிய மனதெல்லாம் இல்லை. சட்டையைக் கழற்றி ஏதாவது பஸ்ஸில் கொடுத்தனுப்பலாமா என்றுகூட யோசித்தேன், போட்டுக்கொள்ளக் கையில் வேறு சட்டை இல்லை. திரும்பி நடந்தேன்.

பொழுது சாயும்போது ஐயா வீடு வந்து சேர்ந்தேன். கல்லில் நிறுத்திய காருக்குப் பக்கத்தில் அண்ணன் குந்தியிருந்தார். சாக்கை அவிழ்த்தேன்.

"மிச்சம் எங்கடா?"

"அடுப்புலண்ணே."

"எந்த அடுப்புல?"

சொன்னேன். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டு இங்கிட்டு ஏண்டா வந்த? அப்படியே போயிருக்கலாம்ல?"

"ஒங்க சட்டைண்ணே. அதுலயும் ஓட்டை விழுந்திருச்சு. சொல்லணும்ல."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த முக்கால் சக்கரம் இப்போது என் வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பிரிமணையாக இருக்கிறது. ரோட்டில் ஆறு மாதம் தாங்காதது பானைக்குக் கீழே இத்தனை வருடமாகத் தாங்குகிறது. எனக்குத் தெரியாத காரியத்தில் நான் கை வைத்தால் என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "என்ன, செவக்கட்டுமா?" என் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் ஐயாவைக் கூட்டிவர முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போனார். ஐயா வீட்டு மாட்டு வண்டிக்காரருக்குக் காய்ச்சல். அதனால் மாட்டு வண்டியை பஸ் நிற்கும் ரோட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு வந்தது. மாட்டுக் கயிற்றைப் பிடித்து நடத்தியே கொண்டுவந்தேன்.

ஐயா புழுதியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார், பின்னாலேயே அண்ணன். "இவனா உருக்குனது?"

"நான்தாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "மொத சக்கரம் ஒடஞ்சதுக்கே மெட்ராஸ்ல நாலு கடைல கேட்டேன். அந்தச் சக்கரம் கப்பல்லதான் வரணுமாம். வந்தாலும் நம்ம ரோட்டுக்கு நிக்காதாம்" என்றார். என் பக்கம் திரும்பினார். "வண்டி ஓட்டத் தெரியுமா?"

'தெரியும்' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியாதுங்க."

"மாட்டுக்குத் தெரியும். ஏறு. இனிமே இதான் ஒனக்கு வேலை. சவரிமுத்து, நீயும் ஏறு."

முன்னால் ஏறிக் கயிற்றைப் பிடித்தேன். மூன்று ஓட்டைச் சட்டையோடு அண்ணன் பின்னால் ஏறினார். மாடுகள் என்னைக் கேட்காமலே வீட்டுப் பக்கம் திரும்பின.